பி.ஏ. வரலாறு: மாசம் எவ்வளவு வரும்?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா எங்க கள்ளக்குறிச்சிப் பக்கம் ஜெராக்ஸ் கடைகளுக்குத்தான் தீபாவளி. சாதிச் சான்று, மாற்றுச் சான்று, மதிப்பெண் பட்டியல்னு ஆளுக்கொரு மஞ்சப்பை. அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துல முதல் விருப்பம் காமர்ஸ், ரெண்டாவது கம்ப்யூட்டர் சயின்ஸ், மூணாவது இங்கிலீஷ். கடைசி வரியில இடம் காலியா இருக்கேன்னு எழுதற பேருதான் ஹிஸ்டரி. அந்தக் கடைசி வரிதான் கிடைச்சுதுன்னா வீட்ல கேட்கிற முதல் கேள்வி: "இதைப் படிச்சா மாசம் எவ்வளவு வரும்?"

இந்தக் கேள்வியைக் கேட்டா நம்ம ஆளுங்க ரெண்டு விதமா பதில் சொல்லுவாங்க. ஒரு கோஷ்டி "வரலாறு தெரியாதவன் வரலாறு படைக்க முடியாது"ன்னு மேடைப் பேச்சுக்குப் போயிடும். இன்னொரு கோஷ்டி "ராஜா ராணி கதையைப் படிச்சு என்ன பண்ணப் போற, பேசாம டிப்ளமோ போ"ன்னு ஒத்தை வரியில முடிச்சிடும். ரெண்டு பேருமே கணக்கு போடறதில்லை. கல்வராயன் மலையில இருந்து பஸ் ஏறி வர்ற ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ ரெண்டு பதிலும் உதவாது. அதனால இந்தப் பதிவுல கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் வரலாறு. பதிவு நீளம், டீ வச்சுக்கங்க :-)

செலவுக் கணக்கு

முதல்ல செலவு. தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகள்ல இளநிலைப் படிப்புக்கான கல்விக் கட்டணத்தை 2007-08-லேயே எடுத்துட்டாங்க. மத்த சின்னச் சின்ன கட்டணம் மட்டும்தான். அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபாய் தர்ற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. பசங்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்ல. பழங்குடி மாணவர்களுக்கு உதவித்தொகை, விடுதி தனி. ஆக, கையை விட்டுப் போற காசு ரொம்பக் கம்மி.

இதை ஏன் சொல்றேன்னா, "ஹிஸ்டரி டிகிரி தண்டம்"னு யூட்யூப்ல வர்ற பேச்சுல பாதி வெளிநாட்டுச் சரக்கு. இங்கிலாந்துல கல்லூரிக் கட்டண உச்சவரம்பு 2012-ல் வருஷத்துக்கு 9,000 பவுண்டுக்குப் போச்சு, அப்புறமும் ஏறுச்சு. அங்க ஒரு பையன் ஹிஸ்டரி எடுக்கிறான்னா கடன் வாங்கித்தான் எடுக்கிறான். அந்தக் கடனை அடைக்கிற சம்பளம் வருமாங்கிறது அவனோட கேள்வி. நம்ம மலைப் பையனுக்கு அந்தக் கடன் இல்லை. அவனுக்கு வேற செலவு இருக்கு. வருஷம்.

எப்படின்னு பாருங்க. பேச்சுக்கு ஒரு கணக்கு வச்சுக்குவோம். படிக்காம வேலைக்குப் போயிருந்தா மாசம் 10,000 மிச்சம் பண்ணியிருப்பான். மூணு வருஷத்துக்கு 3,60,000. உதவித்தொகை மாசம் 1,000 வீதம் 36,000-ஐக் கழிச்சா 3,24,000. இதுதான் பி.ஏ. வரலாற்றோட உண்மையான விலை. ஃபீஸ் ரசீதுல இது வராது. ஆனா மலையில மரவள்ளிக் காட்டுல ஒரு ஆள் குறையுதுன்னா அந்த வீட்டுக்கு இது தெரியும்.

வரவுக் கணக்கு

இப்ப வரவு. ஒரு உண்மையைச் சொல்லிடலாம். 'வரலாறு'ங்கிற பேர்ல சந்தையில வேலையே கிடையாது. அக்கவுண்ட்ஸ் படிச்சவனை கணக்கு எழுதக் கூப்பிடுவாங்க. நர்சிங் படிச்ச பொண்ணை ஆஸ்பத்திரியில கூப்பிடுவாங்க. "ஒரு ஹிஸ்டரி ஆள் வேணும்"னு எந்தக் கடையிலயும் போர்டு மாட்டியிருக்க மாட்டாங்க. வரலாற்றுப் பட்டத்துக்குக் காசு தர்ற கவுண்டர்கள் பெரும்பாலும் சர்க்கார் கவுண்டர்கள்தான். அதை வரிசையா பார்ப்போம்.

1. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் வேலைக்கு அடிப்படைச் சம்பளம் 19,500-ல் ஆரம்பம். 2025-ல் அகவிலைப்படி 55 சதவீதம் ஆனப்போ கூட்டிப் பார்த்தா 30,225. வீட்டு வாடகைப்படி தனி. ஆனா இதுக்குப் பத்தாவது பாஸ் போதும், பி.ஏ. தேவையில்லை. அதோட கூட்டத்தையும் பார்க்கணும். 2024 ஜூன்ல நடந்த குரூப் 4-க்கு முதல்ல அறிவிச்ச இடம் 6,244. விண்ணப்பிச்சவங்க 20 லட்சத்துக்கு மேல. பிறகு இடங்களைக் கூட்டினாங்கதான். இருந்தாலும் ஒரு நாற்காலிக்கு நூத்துக்கணக்கான பேர்.

2. குரூப் 2, குரூப் 1. இதுக்குப் பட்டம் வேணும், ஆனா எந்தப் பட்டமும் ஓகே. பி.இ. முடிச்சவனும் பக்கத்து பெஞ்சுல உட்கார்ந்திருப்பான். வரலாறு படிச்சவனுக்குள்ள வசதி என்னன்னா, பாடத்திட்டத்துல இந்திய வரலாறு, தேசிய இயக்கம், அரசியலமைப்பு, தமிழகத்தோட வரலாறு பண்பாடு எல்லாம் இருக்கு. மத்தவன் கோச்சிங் சென்டர்ல காசு கட்டிப் படிக்கிறதுல ஒரு பகுதியை இவன் மூணு வருஷம் வகுப்புலயே படிச்சிருப்பான். (படிச்சிருந்தா!)

3. பட்டதாரி ஆசிரியர். 36,400 அடிப்படை. 55 சதவீத அகவிலைப்படியோட 56,420. நல்ல சம்பளம்தான், மறுக்கலை. ஆனா பாதை நீளம். பி.ஏ. மூணு வருஷம், பி.எட். ரெண்டு வருஷம் (2015-க்கு முன்னாடி ஒரு வருஷமா இருந்தது), அப்புறம் தகுதித் தேர்வு. அதுல பாஸ் பண்ணா வேலைன்னு நினைச்சுக்காதீங்க. 2018-ல் வந்த அரசாணைப்படி அதுக்கு மேல தனியா ஒரு போட்டித் தேர்வு. அந்த அறிவிப்பு 2023 கடைசியிலதான் வந்தது. 

4. கல்லூரி உதவிப் பேராசிரியர். 57,700-ல் ஆரம்பம். கேட்கவே இனிக்குது. எம்.ஏ., அதோட நெட் அல்லது செட் அல்லது முனைவர் பட்டம். 2019-ல் 2,331 இடத்துக்கு அறிவிப்பு வந்து பிறகு ரத்தாச்சு. 2024 மார்ச்சுல 4,000 இடத்துக்கு அறிவிப்பு வந்து தேர்வு தள்ளிப்போச்சு. இந்த நடுவுல கல்லூரிகளை ஓட்டினது யாரு? கௌரவ விரிவுரையாளர்கள். மாசம் 10,000, 15,000, 20,000-னு ஏறி 25,000-க்கு வந்த தொகுப்பூதியம். யு.ஜி.சி. 2019-லேயே வகுப்புக்கு 1,500, மாசத்துக்கு அதிகபட்சம் 50,000 வரை கொடுக்கலாம்னு சொல்லிடுச்சு. முனைவர் பட்டம் வாங்கினவங்க பல பேர் பத்து வருஷமா அந்தத் தொகுப்பூதியத்துல இருக்காங்க.

நம்ம கணக்குக்கு வருவோம். பட்டம் முடிச்சு ரெண்டு வருஷத்துல 30,225 ரூபாய் வேலை கிடைச்சுதுன்னா, படிச்ச மூணு வருஷம், காத்திருந்த ரெண்டு வருஷம் எல்லாம் சேர்த்து இழந்தது 5,64,000. மாசம் 20,000-க்கு மேல கூடுதல் வருமானம் வர்றதால ரெண்டரை வருஷத்துக்குள்ள அது திரும்பிடும். அதே ஆள் எட்டு வருஷம் தேர்வு எழுதிக்கிட்டே இருந்து கிடைக்கலைன்னா 12,84,000 போச்சு. அது திரும்பவே திரும்பாது.

ரெண்டு பேர் கையிலயும் இருக்கிறது ஒரே டிகிரி. இந்தக் கணக்குல விலை ஜாஸ்தி பட்டத்துக்கு இல்லை, காத்திருப்புக்குத்தான். இதை யாரும் ப்ளஸ் டூ பையன்கிட்ட சொல்றதில்லை.

மலையில இருந்து வர்றவங்களுக்கு ரெண்டு விஷயம் சாதகமா இருக்கு, அதையும் கணக்குல சேர்க்கணும். தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தர்ற சட்டம் 2010-ல் வந்தது. 2020 திருத்தப்படி ஒண்ணாம் வகுப்புல இருந்தே தமிழ் வழியில படிச்சிருக்கணும். பட்டம் கேட்கிற வேலைன்னா பட்டமும் தமிழ் வழியில இருக்கணும். மெட்ரிக் பள்ளியில படிச்சு இங்கிலீஷ்ல பி.இ. முடிச்சவங்க இந்த வரிசையில நிற்க முடியாது. அரசுக் கல்லூரியில தமிழ் வழி வரலாறு படிச்சவங்க நிற்கலாம். ரெண்டாவது, பழங்குடியினருக்கான 1 சதவீத ஒதுக்கீடு. 6,244-ல் ஒரு சதவீதம்னா 62 சொச்சம். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல பழங்குடி மக்கள் கிட்டத்தட்ட 7.95 லட்சம் பேர். அதுல பெரிய சமூகம் நம்ம மலைகள்ல இருக்கிற மலையாளிகள்தான். (கேரளா சேட்டன் இல்லீங்க. மலையை ஆள்றவங்கங்கிற அர்த்தத்துல மலையாளி. பேசறது தமிழ்.) 

இது எப்படி சர்க்கார் வேலைப் படிப்பு ஆச்சு?

வரலாறுக்கும் சர்க்கார் சம்பளத்துக்கும் இந்தத் தொடுப்பு எங்கிருந்து வந்ததுன்னு தேடினா, அது கம்பெனிக்காரன்கிட்ட போய் நிக்குது.

தென்னாற்காட்டுச் சீமை 1801-ல் கர்நாடக நவாப்கிட்ட இருந்து கம்பெனி கைக்கு வந்தது. கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர் எல்லாம் அதுக்குள்ள. வந்தவன் முதல்ல கேட்ட கேள்வி, "யாரு எவ்வளவு வரி கட்டணும்?" அதுக்குப் பதில் வேணும்னா, இந்த நிலம் யாரோடது, எந்த ராஜா யாருக்கு மானியம் விட்டான், சன்னது உண்மையா போலியான்னு தெரியணும். அதாவது வரலாறு தெரியணும். அறிவுத் தாகம் கொஞ்சம் இருந்திருக்கலாம், கஜானாத் தாகம் நிறைய.

கம்பெனி அதிகாரிகளைத் தயார் பண்றதுக்காக 1806-ல் இங்கிலாந்துல ஹெய்லிபரியில ஒரு கல்லூரியே வச்சாங்க. அங்க மொழிகள், சட்டம், பொருளாதாரத்தோட வரலாறும் பாடம். 1855-ல் சிவில் சர்வீஸுக்கு லண்டன்ல போட்டித் தேர்வு ஆரம்பிச்சது. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம். 1858-ல் சென்னை மாகாணத்துல இனாம் கமிஷன் உட்கார்ந்தது. ஊர் ஊரா மானிய நிலங்களோட செப்பேடு, சன்னது, பழைய கணக்கு எல்லாத்தையும் வாங்கிப் பார்த்து, இது செல்லும், இது செல்லாதுன்னு தீர்ப்பு. ஒரு குடும்பம் சாப்பிடறதும் சாப்பிடாததும் ஒரு பழைய ஏட்டைப் படிக்கிற ஆள் கையில இருந்தது.

நம்ம ஜில்லாவைப் பத்தி முதல்ல தடியா புத்தகம் எழுதினதும் கலெக்டர் ஆபீஸ் வர்க்கம்தான். கார்ஸ்டின் எழுதின தென்னாற்காடு மேனுவல் 1878-ல், பிரான்சிஸ் எழுதின கெஜட்டியர் 1906-ல். கோயில், சாதி, மலை, ஆறுன்னு எல்லாம் இருக்கும். அது அடுத்து வர்ற கலெக்டருக்கான கையேடு. பழைய உடைமையைப் படிக்கத் தெரிஞ்சவனுக்கு சர்க்கார் சம்பளம் கொடுத்தது இப்படித்தான். நாளாவட்டத்துல படிக்கிற வேலை போய், பரீட்சை மட்டும் மிஞ்சுச்சு. இன்னைக்கு குரூப் தேர்வுல "முதலாம் தரைன் போர் எந்த ஆண்டு?"ன்னு கேட்கறாங்களே, அது அந்தப் பழைய வேலையோட காய்ஞ்ச சக்கை.

வரலாற்று ஆவணம்னாலே முக்கால்வாசி சொத்துக் காகிதம்தாங்க. திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பைன்னு ஒரு ஊர். அங்க ஒரு குகையில தமிழ் பிராமி கல்வெட்டு ஒண்ணு 1981-ல் கண்டுபிடிச்சாங்க. அசோகனோட பாறைக் கல்வெட்டுல சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோட சத்தியபுத்திரர்னு ஒரு பேர் வரும். அது யாருன்னு ஆராய்ச்சிக்காரங்க ரொம்ப காலம் சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க. ஜம்பைக் கல்வெட்டுல சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சின்னு பேரோட இருக்கு. சண்டை முடிஞ்சது. அந்தக் கல்வெட்டு என்ன சொல்லுதுன்னு பாருங்க: இந்த இருப்பிடத்தை இவன் கொடுத்தான். அவ்வளவுதான். அது ஒரு தானப் பத்திரம்! சோழர் காலக் கோயில் சுவரைப் படிச்சாலும் இதே கதை. நந்தா விளக்குக்கு 96 ஆடு, இன்ன எல்லைக்குள்ள இன்ன நிலம், சாட்சிக் கையெழுத்து. சப்-ரிஜிஸ்தரார் ஆபீஸைக் கல்லுல வெட்டி வச்ச மாதிரி.

மலைக்கு சர்க்கார் 1976-ல் வந்தது

இப்ப மலை ஏறுவோம். கல்வராயன்னு எழுதறோம், பேச்சுல கல்ராயன். கிழக்குத் தொடர்ச்சி மலையில சேலம் ஜில்லாவுக்கும் நமக்கும் நடுவுல நிக்குது. கோமுகி ஆறு அங்கிருந்துதான் இறங்கி கச்சிராயபாளையம் பக்கத்து அணைக்கு வருது. சாமை, மரவள்ளி, கடுக்காய், தேன். வெள்ளிமலைதான் இப்ப தாலுகா தலைமையிடம்.

இந்த மலை ஜாகிரா இருந்தது. நம்ம பக்கம் மூணு ஜாகிர்: சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர். கீழே சமவெளியில ரயத்துவாரின்னு ஒவ்வொரு குடியானவன் பேர்லயும் சர்வே நம்பர், பட்டான்னு வெள்ளைக்காரன் எழுதிக்கிட்டிருந்த காலத்துல, மேல ஜாகிர்தார்தான் எல்லாம். நிலத்துல பாடுபட்டவங்க கையில சர்க்கார் காகிதம் இல்லை.

சுதந்திரம் வந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. இனாம் எஸ்டேட்டுகளை ஒழிச்சு ரயத்துவாரியா மாத்தற சட்டம் 1963-ல் வந்தது. கல்வராயன் மலையில ஜாகிர் போனது 1976-ல். சட்டம் எழுதி 13 வருஷம், சுதந்திரம் வாங்கி 29 வருஷம். தமிழ்நாட்டுல டி.வி. வந்த பிறகு!

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல விஷச்சாராயத்துக்கு அறுபதுக்கு மேற்பட்டவங்க பலியானது எல்லோருக்கும் தெரியும். ஊர் பேரையே அதை வச்சுத்தான் இப்ப அடையாளம் சொல்றாங்க. அதுக்கு அடுத்த மாசம், கல்வராயன் மலை மக்களோட வாழ்நிலை பத்தி சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து ஒரு வழக்கை எடுத்தது. சாலை, ஆஸ்பத்திரி, பள்ளி, ரேஷன் எல்லாம் அதுல பேச்சு. அந்த வழக்குல ஜாகிர் கதையும் வந்தது, 1976 வந்தது, 1996-ல்தான் மலை மக்களுக்கு ஓட்டுரிமை கிடைச்சதுன்னும் சொல்லப்பட்டது. கவனிங்க, ரோடு ஏன் இல்லைங்கிறதுக்கு கோர்ட்ல வச்ச பதில் ஒரு வரலாற்றுப் பாடம். பி.ஏ. பாடப் புத்தகத்துல பிளாசிப் போர் இருக்கும். இந்த மூணு ஜாகிர் பேரைத் தேடினா கிடைக்குமாங்கிறது சந்தேகம்தான்.

காகிதம் யார் கையில

இங்கதான் "மாசம் எவ்வளவு வரும்"ங்கிற கேள்விக்கு வேற ஒரு பதில் கிடைக்குது.

வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்னாடியே வன நிலத்தை அனுபவிச்சுக்கிட்டு வர்ற பழங்குடிக் குடும்பத்துக்கு, அனுபவத்துல இருக்கிற அளவுக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை. 4 ஹெக்டேர்னா கிட்டத்தட்ட 10 ஏக்கர். விக்க முடியாது, வாரிசுக்குப் போகும், யாரும் எழுப்பி விட முடியாது. கிராம சபையில மனு கொடுக்கணும், ஆதாரம் காட்டணும்.

என்ன ஆதாரம்? 2008-ல் வந்த விதிகள்ல ஒரு பட்டியலே இருக்கு. கெஜட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, சர்வே மற்றும் செட்டில்மெண்ட் அறிக்கை, வரைபடம், வனத்துறை திட்ட அறிக்கை, கோர்ட் தீர்ப்பு, பழைய வீடு கிணறு சமாதி மாதிரி அடையாளங்கள், மானிடவியல் ஆய்வுகள், ஊர்ப் பெரியவங்க சொல்றதை எழுத்துல பதிஞ்ச வாக்குமூலம். இதுல ஒண்ணுக்கு மேல காட்டணும்.

இந்தப் பட்டியலை ஒரு ஹிஸ்டரி வாத்தியார்கிட்ட காட்டினா என்ன சொல்லுவார்? "எம்.ஏ.வுல வரலாற்று ஆய்வு முறைன்னு ஒரு பேப்பர் இருக்கே, அதுல வர்ற முதல்நிலைச் சான்று, இரண்டாம்நிலைச் சான்று, வாய்மொழி வரலாறுதானே இது"ம்பார். அதேதான்! பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி மறந்துபோற அந்தப் பாடம், மலையில ஒரு குடும்பத்துக்கு 10 ஏக்கர் வரை பெறும். 1878 மேனுவல்ல நம்ம ஊர் எந்தப் பேர்ல இருக்கு, 1906 கெஜட்டியர்ல எந்த ஜாகிர்ல வருது, ஜாகிர் எடுத்த பிறகு நடந்த சர்வேல இந்தத் துண்டு நிலம் காடுன்னு எழுதப்பட்டுச்சா, புறம்போக்குன்னு எழுதப்பட்டுச்சா. இதைத் தேடி எடுக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் ஊருக்கு ஒருத்தர் இருந்தா போதும்.

சமவெளியிலயும் இதே கதைதான். சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு, செட்டில்மெண்ட் காலத்து எஸ்.எல்.ஆர். 1980-கள்ல நடந்த யூ.டி.ஆர். பதிவுல பேர் மாறிப்போச்சுன்னு இன்னைக்கும் தாலுகா ஆபீஸ்ல நிக்கிறவங்க எத்தனை பேர்! பஞ்சமி நிலத்தை எடுத்துக்கங்க. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-ல் தாழ்த்தப்பட்டவங்க நிலைமை பத்தி ஒரு அறிக்கை எழுதினார். 1892-ல் அரசாணை வந்து நிலம் கொடுத்தாங்க. பத்து வருஷம் விக்கக் கூடாது, அப்புறமும் அதே மக்களைத் தவிர மத்தவங்களுக்கு விக்கக் கூடாதுன்னு நிபந்தனை. அந்த நிலமெல்லாம் எங்க போச்சுன்னு கேட்க நூறு வருஷத்துக்கு முந்தின ஆணையைத் தோண்டி எடுத்து வர ஆள் தேவைப்பட்டது. 1994-ல் காரணையில பஞ்சமி நிலத்துக்காகப் போராடி ரெண்டு பேர் துப்பாக்கிச் சூட்டுல செத்தாங்க. பழைய காகிதத்துக்கு அவ்வளவு கனம்.

ஒரு மலை ஊர்க்காரர் டீக்கடையில என்கிட்ட கேட்டார்: "ஏங்க சார், எங்க தாத்தன் காலத்துல இருந்து உழறோம். அது எங்களுக்குத் தெரியும், இந்தக் காட்டுக்கே தெரியும். ஆபீசருக்கு மட்டும் எப்படிங்க தெரியாம போகும்?" நான் சொன்னேன், "ஆபீசருக்குக் காகிதம் பேசினாத்தாங்க தெரியும், பெரியவரே. அந்தக் காகிதத்தைப் பேச வைக்கிற ஆள் வேணும்." அவர் பேத்தி ப்ளஸ் ஒன் படிக்குதாம். 

இதுல ஒரு கசப்பும் இருக்கு, மறைக்க வேண்டாம். இந்த வேலைக்கு யாரும் மாசச் சம்பளம் தர்றதில்லை. 10 ஏக்கருக்கு ஆதாரம் தேடிக் கொடுத்த பொண்ணுக்கு அந்தக் குடும்பம் ஒரு படி சாமை கொடுக்கும், மனசார வாழ்த்தும். பேங்க் அக்கவுண்ட்ல ஒண்ணும் ஏறாது. பலன் ஊருக்கு, பசி படிச்சவனுக்கு. வருமானக் கணக்கு போடறவங்க பட்டத்தோட மதிப்பைப் படிச்சவனோட சம்பளச் சீட்டுல மட்டும் தேடுவாங்க. அதுல இது வராது. அதனால வரலாறு எப்பவும் கணக்குல தோத்துக்கிட்டே இருக்கும்.

அப்ப எடுக்கலாமா வேண்டாமா?

என்னோட பதில்: எடுக்கலாம், ஆனா தனியா எடுக்காதீங்க. கூட ஒண்ணு சேர்த்துக்கங்க. வரலாறு சோறு மாதிரி, வெறும் சோறு இறங்காது.

ஒண்ணு, படிக்கிற மூணு வருஷத்துலயே தட்டச்சு லோயர், ஹையர் முடிச்சிடுங்க. குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்குத் தனி இடம் இருக்கு. அந்த வரிசையில கூட்டம் கம்மி.

ரெண்டு, ஆசிரியர் ஆகணும்னா பி.எட். போங்க. ஆனா தேர்வு அறிவிப்பு வர்ற வரைக்கும் சும்மா காத்திருக்காம ஏதாவது வேலையில இருந்துகிட்டே எழுதுங்க. மேல சொன்ன 12,84,000 கணக்கு ஞாபகம் இருக்கட்டும். காத்திருப்புக்கு ஒரு கெடு வச்சுக்கங்க. மூணு வருஷமோ நாலு வருஷமோ, முதல்லயே வீட்ல பேசி முடிவு பண்ணிடுங்க.

மூணு, சட்டம். வரலாறு முடிச்சு மூணு வருஷ பி.எல். போனா பழைய காகிதத்தைப் படிக்கிற திறமைக்கு முதல் தடவையா ஃபீஸ் வாங்கலாம். நிலத் தகராறு இல்லாத தாலுகா தமிழ்நாட்டுல உண்டா?

நாலு, கல்வெட்டு. கீழடியில மத்திய தொல்லியல் துறை 2014-15-ல் தோண்ட ஆரம்பிச்ச பிறகு, மாநிலத் துறை பல ஊர்கள்ல அகழாய்வு நடத்துது. மாநிலத் துறையோட நிறுவனத்துல தொல்லியல் பட்டயப் படிப்பும் இருக்கு. வேலைகள் ரொம்பக் கொஞ்சம்தான், அதனால ஆசை இருக்கிறவங்க மட்டும் போங்க.

ஹிஸ்டரிக்கு எதிரா ஒரு நல்ல வாதமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். வீட்ல உடனடியா சம்பளம் வேணும், தம்பி தங்கச்சி படிக்கணும்னு நெருக்கடி இருந்தா, ஐ.டி.ஐ.யோ நர்சிங்கோ போறதுதான் சரி. அந்தப் பையன்கிட்ட போய் பண்பாடு, பெருமைன்னு பேசக் கூடாது. பட்டதாரியே இல்லாத வீட்ல முதல் பட்டதாரிக்குத் தோத்துப் போக வசதி கிடையாது. மலையில இருந்து வேலைக்குன்னு ஆந்திரக் காட்டுக்குப் போய் செம்மர வழக்குல மாட்டினவங்க குடும்பத்தைக் கேட்டா, ஒரு மாசச் சம்பளம்னா என்னன்னு நல்லா சொல்லுவாங்க.

ஆனா ஜில்லாவே புதுசா 2019 நவம்பர்ல பிறந்த ஊரு இது. தென்னாற்காடா இருந்து, 1993-ல் விழுப்புரமா மாறி, இப்ப கள்ளக்குறிச்சி. பழைய ஃபைல் ஒண்ணு வேணும்னா கடலூர், விழுப்புரம், சென்னைன்னு மூணு ஊர் தேடணும். அதைத் தேடத் தெரிஞ்ச நாலு பேராவது அந்த மலையில இருந்தே வரணும், அவங்களுக்கு மாசச் சம்பளமும் வரணும். வன உரிமைக் குழுவுக்கோ, தாலுகா ஆபீஸுக்கோ, பழங்குடியினர் நலத்துறைக்கோ ஒரு ஆவண உதவியாளர் பணியிடம் போட்டு, உள்ளூர் வரலாற்றுப் பட்டதாரியை உட்கார வைக்க என்ன பெரிய செலவு ஆயிடப் போகுது? குரூப் 4 சம்பளம்தான். கோரிக்கையா யாராவது எழுதினா நானும் கையெழுத்துப் போடறேன்.

ஹிஸ்டரி படிச்சுட்டு வேற வேலையில இருக்கிற பதிவர்கள் நம்மள்ல நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும். உங்களுக்கு அந்தப் பட்டம் எங்கயாவது காசா மாறிச்சா, இல்லை இன்னும் பரண்ல இருக்கா? பின்னூட்டத்துல சொல்லுங்க. கௌரவ விரிவுரையாளர் யாராவது படிச்சா உங்க கணக்கையும் போடுங்க, நான் போட்டதை விட அது நிஜமா இருக்கும்.

டிஸ்கி: 10,000 ரூபாய் கூலிக் கணக்கு பேச்சுக்கு வச்சது. உங்க ஊர்க் கூலியைப் போட்டு நீங்களே ஒரு தடவை கூட்டிப் பாருங்க. கால்குலேட்டர் போதும், இதுக்கு காமர்ஸ் படிச்சிருக்கத் தேவையில்லை :-)